ஒரே தட்டு, நாலு போட்டோ

இலங்கையில் நுவரெலியா மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கொத்து ரொட்டிக் கடை. அன்று மாலை ஆறரை மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்: எங்கள் சைக்கிள் குழுவின் கேப்டன் முரளிதரன், வங்கியில் வேலை பார்க்கும் சுகுமார், பல் டாக்டர் பிரேமா, பாத்திரக்கடை அன்வர் பாய். ஆக நாலு பேர். கடைக்கு வெளியே, பனிமூட்டத்தில் நின்றவள் நான், கோமதி, திருச்சி உறையூரில் இட்லி மாவு அரைத்து விற்பவள். எதிர்ப்பக்கம் நின்ற எங்கள் வாடகை வேனுக்குள் உள்ளூர் டிரைவர் செல்வராஜ் இருந்தார். என்னை அவர் பார்த்துவிட்டார். மற்ற நாலு பேரும் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது மருந்துக்கடைக்கு, மாத்திரை ஏதாவது வாங்க. காலையில் மலையேற்றத்தில் விழுந்ததிலிருந்து தலைச்சுற்றல் நிற்கவில்லை. கொத்துப் போடுகிற தகட்டுச் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். நாலு பேர் முன்னாலும் நாலு மலை மாதிரி கொத்து ரொட்டி. நடுவில் ஒரு கிண்ணம் குழம்பு. சுகுமார் அந்தக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

செல்லை எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் நாலு பேரும் இரவுச் சாப்பாட்டின் போட்டோ போட்டிருந்தார்கள். வெள்ளரி, தக்காளி, பூப் போல வெட்டிய ஒரு காரட். நாலு போட்டோவிலும் தட்டின் விளிம்பில் அதே இடத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. விடுதியில் ஒரே ஒரு தட்டு சாலட் வாங்கி, நாலு பக்கமும் நின்று நாலு போட்டோ எடுத்திருக்கிறார்கள்.

கேப்டன் காசு கொடுக்க எழுந்தார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து மஞ்சள் ஜிப் பையை எடுத்தார். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்தது. ஏன் என்று புரிய வேண்டுமானால் முன்கதையைச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பயப்படுவதில் மட்டும் பட்டம் வாங்கியிருக்கலாம். கிரைண்டர் ஓடினால் கரண்ட் அடிக்குமோ என்று பயம், ஓடாவிட்டால் வியாபாரம் போகுமே என்று பயம். என் அப்பாவுக்குச் சர்க்கரையில் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். போன வருடம் எனக்கு ரத்தம் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இன்னும் மாத்திரை வேண்டாம், அளவாக, நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பை அசைத்தால் போதும் என்றார். அன்று வீட்டுக்கு வந்து என் கால்விரல்களை எண்ணிப் பார்த்தேன். மறு வாரம் சைக்கிள் குழுவில் சேர்ந்தேன்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழுக்குள் திரும்பலாம். வாரத்தில் மூன்று நாள் ஊருக்குள், ஞாயிறு முக்கொம்பு அல்லது கல்லணை, மாதம் ஒருமுறை, கடைக்கு லீவு விட்டு, பச்சமலை. ஏழு மணிக்கு நான் மாவுக்கடை திறந்தாக வேண்டும். அதனால் சவாரி முடிந்ததும் முதலில் பிரிந்து போகிறவள் நான்தான். அந்த இரண்டு மணி நேரம் யாரும் என்னை அரைப்படி மாவு கேட்க மாட்டார்கள். மூன்று மாதத்தில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. நான் கொஞ்சம் தூங்கவும் செய்தேன்.

பிறகுதான் கேப்டன் சார்ட் கொண்டுவந்தார். இலங்கையில் மலையேறப் போகிறோம், ஐந்து மாதப் பயிற்சி, அதில் பாதி சாப்பாடு என்றார். காலையில் முளைகட்டிய பயறு, முட்டையின் வெள்ளைக்கரு. மதியம் வெள்ளரி, கீரை, ஒரு கப் மோர். இரவு சாலட். அரிசி கூடாது, இட்லி, தோசை கூடாது, சீனி கூடாது. சாப்பிடும் முன் தட்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். கேப்டன் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். தட்டில் கூடாதது இருந்தால் ஐம்பது ரூபாய் அபராதம். அபராதம் போய்ச் சேருவது அந்த மஞ்சள் ஜிப் பைக்கு.

தினம் நாற்பது கிலோ மாவு அரைக்கிற என்னிடம் இட்லி விஷம் என்று சொன்னார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். அச்சடித்த தாளில் இருந்ததே. படித்தவர்கள் சொன்னார்களே. ஐந்து மாதத்தில் தாங்க முடியாமல் இருபத்தேழு தடவை இட்லி சாப்பிட்டேன். இருபத்தேழு தடவையும் இட்லித் தட்டையே போட்டோ எடுத்துப் போட்டு, இருபத்தேழு ஐம்பது கட்டினேன். வேறு யாரும் கட்டினதாக ஞாபகம் இல்லை. அவர்களுக்கு மனக்கட்டுப்பாடு என்று நினைத்தேன்.

ஊர் விட்டு ஊர் வந்த முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. இறம்பொடை அருவிக்குக் கொஞ்சம் கீழே ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, போஞ்சி என்று இங்கே சொல்கிற பீன்ஸ் கறி, பிஞ்சுப் பலாக்காய், பப்படம். தேங்காய்ப்பால் வாசனை ரோடு வரைக்கும் வந்து கையைப் பிடித்து இழுத்தது. நான் வெள்ளரியைப் போட்டோ எடுத்துவிட்டுத் தின்றேன். பிறகு வீட்டுக்காரருக்குப் போன் பேசப் போய்விட்டேன். கடையை அவர் பார்த்துக்கொள்கிறார். உளுந்து எத்தனை மணி நேரம் ஊறணும் என்று முப்பது வருடமாகத் தெரியாத மாதிரி கேட்டார். அதைச் சொல்லி முடித்து, இரவில் கதவைப் பூட்டினீர்களா, கேஸை மூடினீர்களா என்று நான் கேட்டு முடிக்க அரைமணி ஆனது.

திரும்பி வந்தால் பில் வந்திருந்தது. நாலு சோறு என்று எழுதியிருந்தது. யார் இங்கே சோறு சாப்பிட்டது என்று கடைக்காரரிடம் நான்தான் சண்டைக்குப் போனேன். வெளியூர்க்காரர் என்றால் எதை வேண்டுமானாலும் எழுதுவீர்களா என்று கேட்டேன். அவர் கேப்டன் முகத்தைப் பார்த்தார். கேப்டன், விடுங்கக்கா, சின்னக் காசு, நான் பார்த்துக்கறேன் என்று பெருந்தன்மையாகக் கொடுத்தார். கடைக்காரர் காசை எண்ணி வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இன்றைக்கும் அந்த மனிதரின் முகம் என் கண்ணில் நிற்கிறது. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

இரண்டாம் நாள் மலையேற்றம். இறம்பொடையிலிருந்து நுவரெலியா நெருங்கும் வரை ஏற்றம் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போகிறார்கள். நம் ஊர்த் தனியார் பஸ்ஸாவது தரையில் ஓடுகிறது. இங்கே மேகத்துக்குள்ளிருந்து பஸ் வருகிறது. வாடகைச் சைக்கிளின் பிரேக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டேன், ஏற்றத்தில் பிரேக் எதற்கு என்று யோசிக்காமல்.

கிளம்பும் முன்னால் கேப்டன் விதியை மறுபடி சொன்னார். முடியாதவர்கள் பின்னால் வரும் வேனில் ஏறலாம். இரண்டு தடவை வேனில் ஏறியவர்கள் ஊருக்குப் போனதும் புதியவர் குழுவுக்கு மாற வேண்டும். புதியவர் குழு கிளம்புவது காலை ஏழு மணிக்கு. ஏழு மணிக்கு எனக்குக் கடை. அப்படியானால் எனக்குச் சைக்கிளே இல்லை என்று அர்த்தம். அது போனால் சர்க்கரை, சர்க்கரை ஏறினால் அப்பாவின் கால். ஒவ்வொரு மிதிக்கும் இதுதான் மண்டைக்குள் சுற்றியது.

லபுக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் எத்தனை அமுக்கியும் பெடல் இறங்கவில்லை. கண்ணில் பூச்சி பறந்தது. உதடு மரத்தது. மற்ற நாலு பேரும் முன்னாலேயே வளைவில் மறைந்திருந்தார்கள். ரோட்டோர வடிகாலுக்குள் சைக்கிளோடு சாய்ந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

எதிரே தகரக் கூரை போட்ட ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரப் பெண் ஓடிவந்து, என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். பெயர் ஸ்டெல்லா. என் வயதுதான் இருக்கும். காலையில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பார், பகலில் ரோட்டில் போகிறவர்களுக்குக் கடை. பெஞ்சில் உட்காரவைத்து பிளேன்டீ என்கிற பால் சேராத டீயை ஊற்றினார். இங்கே டீயில் சீனி கலப்பதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. என் கையிலும் சீனியைக் கொட்ட வந்தார். வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டேன்.

ரொட்டி சாப்பிடுங்க என்றார். கூடாது என்றேன். காலையில் என்ன சாப்பிட்டீங்க என்றார். பயறு ஒரு கைப்பிடி, முட்டை வெள்ளை என்றேன். வியாதியா என்றார். இல்லை, பயிற்சி என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் சார்ட், போட்டோ, அபராதம் எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். பெஞ்சில் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்த காய்கறி லாரி டிரைவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"அப்ப காசு குடுத்துப் பட்டினி கெடக்கிறீங்க" என்றார் ஸ்டெல்லா.

லாரிக்காரர் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "எங்க ஆளுக கூடையத் தூக்கிட்டு இந்த மலைய தெனமும் ஏறுதுக. ரெண்டு ரொட்டி திங்காம ஒருத்தி பெரட்டுக் களத்துக்கு வந்தா கண்டாக்கையாவே வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாரு. வயித்துல ஒண்ணுமில்லாதவ வழுக்கி விழுந்தா அவருக்குத்தானே கரைச்சல்."

பெரட்டுக் களம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம், கண்டாக்கையா அங்கே மேற்பார்வையாளர் என்று லாரிக்காரர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஸ்டெல்லா மேல். ஒன்றும் படிக்காத பெண் எனக்குச் சாப்பாடு சொல்லித்தருகிறாளே என்று. நான் என்ன படித்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் வேன் வந்துவிட்டது. செல்வராஜ் சைக்கிளைத் தூக்கிப் போட்டு என்னையும் ஏற்றினார். வழியில் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். அதையும் வேண்டாம் என்றேன். விடுதி வாசலில் என்னைப் பார்த்துக் கேப்டன், மற்றவர்கள் காதில் விழும்படி, "உங்களுக்குக் கால்ல பிரச்சினை இல்லக்கா, மனசுலதான். வில் பவர் பத்தலை" என்றார். மற்றவர்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள்.

அன்று மாலைதான் கொத்து ரொட்டிக் கடை. மஞ்சள் பையிலிருந்து இலங்கை நோட்டுகள் எண்ணப்பட்டன. அது எங்கள் அபராத நிதி. அதில் காசு போட்ட ஒரே ஆள் நான். என் இருபத்தேழு இட்லித் தட்டுகள் அங்கே நாலு கொத்தாக மாறி இறங்கிக்கொண்டிருந்தன.

உள்ளே போய் மேஜையைத் தட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேடேறி விடுதிக்குத் திரும்பி, என் அறையில் மூடிவைத்திருந்த வெள்ளரித் துண்டுகளைத் தின்றேன். போட்டோ போட்டுவிட்டேனே, வேறு எதையாவது சாப்பிட்டால் பொய்யாகிவிடுமே என்று. இதை எழுதும்போதுகூட என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

மூன்றாம் நாள் ஓய்வு நாள். காலைச் சாப்பாட்டு மேஜையில் நாலு பேரும் முளைப்பயற்றைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் செல்லை மேஜையில் வைத்து, முந்தைய நாளின் நாலு போட்டோவையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்ததால், தட்டின் சில்லு பெயர்ந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

கேப்டன் முதலில் காரட்டைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு, இது ஒரு மோட்டிவேஷனுக்காகத்தான் என்றார். சுகுமார் சிரித்துக்கொண்டே, ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகம் என்று போர்டு இருக்கும், யார் நாற்பதில் போகிறார்கள், அது மாதிரி இதுவும் என்று விளக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடை திறக்கப் போன பிறகு அவர்கள் நாலு பேரும் பொங்கல் கடைக்குப் போவார்களாம். எனக்கும் தெரியும் என்று நினைத்தாராம்.

டாக்டர் பிரேமா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. நிஜமாகவே திகைத்துப்போயிருந்தார்.

"அக்கா, நீங்க அஞ்சு மாசமா நிஜமாவே இதைத்தான் சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. திருடினவர்களைப் பிடித்துவிட்டேன் என்றுதான் நான் அந்த மேஜைக்கு வந்தேன். அவர்களோ ஒரு புத்தி மட்டமான ஆளைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்கள். எழுதியதில் எதை நம்பக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் சொல்லித்தருவார்கள் போல. எனக்கு அந்தப் பாடம் வரவில்லை. பச்சமலையில் நான் கடைசியாக வந்தபோதெல்லாம், பொங்கல் தின்ற வயிறுகள் எனக்கு மன உறுதி பற்றிப் புத்தி சொன்னதை நினைத்துப் பார்த்தேன். கையில் இருந்த டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தேன், எறிந்துவிடுவேனோ என்று பயந்து.

அன்வர் பாய் தன் தட்டுக்கு அடியில் நாப்கினில் மறைத்து வைத்திருந்த இரண்டு துண்டு பிரெட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். இங்கே பிரெட்டைப் பாண் என்கிறார்கள். நான் தொடவில்லை.

கேப்டன் முடிவாகச் சொன்னார், நாளைக்கு ஹட்டன் வரை சவாரி, உங்கள் உடம்புக்கு நல்லதில்லை, நீங்கள் வேனிலேயே வாருங்கள். குரலில் அக்கறை இருந்தது. ஆனால் அது இரண்டாவது வேன். அதோடு என் கணக்கு முடிந்தது.

மற்றவர்கள் ஏரியில் படகு விடப் போனார்கள். நான் செல்வராஜிடம் போனேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பிசகு என் காலிலா, வயிற்றிலா? நேற்று நான் விழுந்த இடத்துக்கு என்னையும் சைக்கிளையும் கொண்டுபோய்விட முடியுமா என்று கேட்டேன்.

"வேன எடுத்தா சார் கேப்பாருங்கக்கா. நம்ம மச்சான்ட்ட ஆட்டோ இருக்கு, வரச் சொல்லவா?" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நேத்து கடைக்கு வெளிய நீங்க நின்னீங்கள்ள, எனக்குச் சாப்பாடு எறங்கலைங்க" என்றார்.

மச்சானின் ஆட்டோவுக்குப் பின்னால் சைக்கிளைக் கயிற்றால் கட்டினோம். பின்சக்கரம் ரோட்டுப் பக்கம் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாசனை வந்தது. அது வழக்கமான வாசனைதான் என்றார் மச்சான். கண்ணை மூடிக்கொண்டேன். நாலாவது வளைவில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். சிங்களத்தில் பேச்சு நடந்தது. எனக்கு ஜெயில், பாஸ்போர்ட், மாவுக்கடை எல்லாம் கண்முன் ஓடின. கடைசியில் போலீஸ்காரர் என்னை எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். மச்சான் மொழிபெயர்த்தார்: "சைக்கிள ஆட்டோல கீழ கொண்டு போயி, திரும்ப மிதிச்சுக்கிட்டு மேல வரப்போறாங்களா, இந்த அம்மாவுக்கு மேலயே இருந்துட்டா ஆகாதான்னு கேக்குறாருங்க." பதில் சொல்ல எனக்குச் சிங்களம் தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "இன்னைக்குமா பட்டினி?" என்றார்.

ரொட்டி வேண்டும் என்றேன். கோதுமை மாவில் தேங்காய்த் துருவலும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, கனமான கல்லில் போட்டார். நம் ஊர் அடை மாதிரி தடிமன், ஆனால் புளிப்பு இல்லை. இந்தக் குளிரில் என் மாவு மறுநாள் மத்தியானம் ஆனாலும் பொங்காது. அவர்கள் ஏன் பொங்க வேண்டாத ரொட்டியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. தொட்டுக்கொள்ள வெங்காயம், காய்ந்த மிளகாய், மாசிக் கருவாடு வைத்து அம்மியில் இடித்த சம்பல். காதுக்குள் வேர்த்தது. கை தன்பாட்டுக்குச் செல்லைத் தேடியது. போட்டோ எடுக்கவில்லை. இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். சீனிக்குக் கையை நீட்டினேன்.

"பாதிச் சீனி போதும்" என்றேன். "எனக்குச் சர்க்கரை எல்லையில நிக்குது."

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று கையில் கொட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு. கொறைச்சுத் தின்னுன்னாங்க ஆஸ்பத்திரியில. திங்காதன்னு சொல்லலையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்லியிருந்தார். அளவாக, நேரத்துக்கு. அதை ஒரு சார்ட் வந்ததும் மறந்துபோயிருந்தேன்.

அரைமணி உட்கார்ந்துவிட்டு ஏறினேன். இன்னொரு ரொட்டியைத் தாளில் சுற்றி முதுகுப் பையில் போட்டுக் கொடுத்தார். மச்சான் ஆட்டோவைக் காலியாகப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். போகச் சொன்னேன், போகவில்லை. முதல் வளைவில் கண்ணில் பூச்சி பறக்கிறதா என்று பார்த்தேன். பறக்கவில்லை. இரண்டாவது வளைவில் உதட்டைக் கடித்துப் பார்த்தேன். வலித்தது. நல்லது. தேயிலைக்குள்ளிருந்து கொழுந்துக்காரப் பெண்கள் நிமிர்ந்து பார்த்துத் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். லபுக்கலை தாண்டியதும் இறங்கி, வேலிக்கல்லில் உட்கார்ந்து மூன்றாவது ரொட்டியைத் தின்றேன். மழை பிடித்தது. சங்கிலி ஒருமுறை கழன்றது. அதை மாட்டும்போது, இதெல்லாம் வேகமாகப் போகிற வேலையே இல்லையே என்று தோன்றியது. நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் நிற்காமல் போனேன்.

மேலே உச்சியில் ரோடு சமமாகி இறங்க ஆரம்பித்தபோது நின்றுவிட்டேன். ஜெயித்த மாதிரி எல்லாம் இல்லை. நன்றாக அழுதேன், கோபத்தில். என் கால்களில் ஒரு பிசகும் இல்லை. ஐந்து மாதமும் இருந்ததில்லை.

மச்சான் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "ஏங்கம்மா, வலிக்குதா?" என்றார். பசிக்கிறது என்றேன்.

நாலாம் நாள் ஹட்டன். வேனில் என் பையை மட்டும் ஏற்றினேன். காலையில் மேஜையிலேயே, எல்லாரும் பார்க்க, மூன்று துண்டு பாணைப் பருப்போடு சாப்பிட்டேன். பிரேமாவும் ஒரு துண்டு எடுத்தார். அதைப் பார்த்து அன்வர் பாய் நாப்கினை விரித்தார். கேப்டன் மட்டும் பயற்றை மென்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லை அவருக்கு.

தலவாக்கலை வரை பெரும்பாலும் இறக்கம், அதற்குப் பிறகு ஹட்டனுக்கு ஏற்றம். கேப்டன் முதலில் போய்ச் சேர்ந்தார். நான் முக்கால் மணி நேரம் பின்னால். ஆனால் மிதித்துச் சேர்ந்தேன். செல்வராஜ் வேனை எனக்குக் கொஞ்சம் பின்னாலேயே ஓட்டி வந்தார். ஏறச் சொல்லி ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. சோறு, பருப்பு, போஞ்சி, பிஞ்சுப் பலாக்காய், பப்படம். இறம்பொடையில் நான் தொடாமல் விட்ட அதே சாப்பாடு. சோற்றை அளவாக வாங்கினேன், கறியை இரட்டிப்பாக. பாதி சாப்பிட்ட பிறகு, கை பட்ட தட்டையே போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த கேப்டனின் செல்லில் மணி அடித்தது. அவர் பார்த்தார், யோசித்தார், தட்டினார். என் செல்லுக்கு வந்தது: "கோமதி அக்கா, அரிசி, அபராதம் 50."

நான் பதில் எழுதினேன். தப்பில்லாமல் எழுத எனக்கு நேரம் ஆகும். சோறு ஆறிவிட்டது. "என் இருபத்தேழு தட்டுக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் உங்களிடம் இருக்கிறது. மற்றவர்கள் தட்டுக்கு யாரும் கட்டவில்லை. அதனால் எனக்கும் திருப்பித் தர வேண்டும். இன்றைய ஐம்பதை அதில் கழித்துக்கொள்ளுங்கள்."

அன்வர் பாய் உடனே கட்டைவிரல் படம் போட்டார். பிரேமாவும் போட்டார். சுகுமார் சிரிக்கிற முகம் போட்டு, பிறகு அதை எடுத்துவிட்டார். கேப்டன் பார்த்துவிட்டார் என்பதற்கு நீல நிற டிக் வந்தது. 

ஊர் திரும்பி ஏழு வாரம் ஆகிறது. டாக்டரம்மா கதையைக் கேட்டு, யாரும்மா உன்னைச் சாப்பிடாம இருக்கச் சொன்னது என்று அரைமணி திட்டினார். அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிற மாதம். அதைப் பற்றி இப்போதே பயந்துகொண்டிருக்கிறேன். ஆனால் ஐந்து மணிக் குழுவில்தான் இருக்கிறேன். கிளம்பும் முன் என் மாவில் என் கையால் ஊற்றிய இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார். சார்ட் கிரைண்டருக்கு அடியில் ஆடாமல் முட்டுக் கொடுத்திருக்கிறது. ஞாயிறுதோறும் சவாரியில் கேப்டனைப் பார்க்கிறேன், வணக்கம் சொல்கிறேன், காசைக் கேட்கிறேன். அடுத்த வாரம் என்கிறார்.

வர வேண்டிய பாக்கி, ஐம்பது போக, ஆயிரத்து முந்நூறு ரூபாய்.